வாசலில் வெள்ளைத் துணி, மேசையில் வெள்ளைப் பூ

பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு, டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பூ வெட்டப் போனேன்.

பூவை வெயில் ஏறும் முன் வெட்ட வேண்டும். தண்டைச் சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் கழுத்தளவுக்கு நிறுத்த வேண்டும். இருட்டில் நன்றாகத் தண்ணீர் குடித்த பூதான் சாடியில் நாலு நாள் நிற்கும். எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் இதைத் தவறவிடுவதில்லை. வீடு இடிபட்டுக் கிடந்தபோதும் தவறவிடவில்லை.

அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாளி கொண்டு போனேன். பத்து மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், பூவைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூரைத் தகரத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே என்று கேட்டிருந்தார். இந்த வாரம் பூதான்.

தொங்கல் வீடு

இறம்பொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. தொங்கல் வீடு என்பார்கள். தோட்டத்து ஒஃபீஸில் கிளாக்கர் வேலை கிடைத்த பிறகும் நான் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. பக்கவாட்டில் ஓடை, முன்னால் ஒரு துண்டு நிலம். பூ வளர்க்க அது போதும்.

வீட்டைத் திருத்தத் தொடங்கியது தர்ஷினிக்காக. எங்கள் ஒரே மகள். கொத்மலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள்.

முன்பு ஓர் இடம் வந்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள், வடை சாப்பிட்டார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, "புள்ள நல்ல புள்ளதான், லயத்து வீடா இருக்கே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் அதைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

இந்த முறை தர்ஷினி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அப்பா, இதுதான் கடைசி. இதுக்கப்புறம் என்னைய சேலை கட்டி நிக்கச் சொல்லாதீங்க. யாரும் வரவும் வேணாம், பாக்கவும் வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பரீட்சைத் தாளுக்குப் புள்ளி போடுகிற குரலில் சொன்னாள்.

மாப்பிள்ளையாக வர இருந்தவர் விமலன். அவரும் ஆசிரியர்தான். அனுமன் கோயில் படிக்கட்டில், பெரியவர்கள் தள்ளி நிற்க, இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை பேசியிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று என் மனைவி சரோஜா கேட்டதற்கு, "மழையைப் பத்தி" என்றாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும், யாரும் கேட்காமலே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சரோஜாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஈரம் காயவில்லை

முன் திண்ணையான இஸ்தோப்புக்கும் முன் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து, இரண்டையும் ஒரே பெரிய அறையாக்குவது திட்டம். தை முடியும் முன் வேலை முடிந்துவிடும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். கொத்தனாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கிளாக்கர் ஐயா, ஈரம் காயலங்க. நாளைக்கி ஆளுங்கள உள்ள ஒக்கார வச்சீங்கன்னா, சுண்ணாம்பச் சட்டையிலயே கொண்டு போயிருவாங்க. கரண்டும் வேணாம். ஈரச் சுவத்துல பழைய வயரு. மெயின அமத்திட்டேன்."

பாஸ் போய்விட்டார். மறுநாள் காலை பத்துக்கு விருந்தாளிகள்.

சிக்கல் வந்தால் பதறாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பது என் வழக்கம். அன்று இரவுக்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன்.

முன்னறையில் இருந்த நாற்காலி, மேசை, அலுமாரியெல்லாம் பின்பக்கம் போயின. சாடி வைக்கச் சின்ன மேசை மட்டும் மிச்சம். சுவரில் இருந்த படங்களில் சுண்ணாம்பு தெறிக்காமல் இருக்க, சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். நிலைக்கண்ணாடியைக் கழற்ற முடியாது. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினேன். புதிய நிலை வைப்பதற்காகக் கதவைக் கழற்றியிருந்தார்கள். உள்ளேயிருந்து தூசி வராமல் வாசலில் வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்துக் கட்டினேன். சீமெந்துப் பைகளுக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டி, அதன் நிழலில் கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டேன். வீட்டில் இருந்த போன்களையெல்லாம் சார்ஜ் ஏற்றப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் ஒவ்வொன்றும் சரிதான் என்பேன்.

மிச்சம் இருந்தது பூ மட்டும். பாஸ் ஆட்கள் மணலைக் கொட்டியது என் டேலியாப் பாத்தியின் மேல். சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் மணலுக்கடியில். ஓடைக்கரையில் புனல் போல விரிகிற வெள்ளை லில்லியும், சுவரோரம் வெள்ளைச் செவ்வந்தியும்தான் தப்பியிருந்தன. வேலியில் கொஞ்சம் ஆரஞ்சு நிறச் சாமந்தி நின்றது.

"ஏங்க, அந்தச் சாமந்தியையும் நடுவுல சொருகுங்களேன், கலரா இருக்கும்" என்றாள் சரோஜா.

நான் மாட்டேன் என்றேன். ஒரு சாடிக்கு ஒரு நிறம்.

துரைசாணியின் சாடி

அது அப்பாவிடம் கற்றது. அப்பா பெரிய துரை பங்களாவில் அப்பு வேலை பார்த்தார். சமையல், மேசை, பூச்சாடி எல்லாம் அவர் பொறுப்பு. துரைசாணி காலையில் சாடிகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாராம். ஒரு சாடியில் இரண்டு நிறம் கலந்திருந்தால் விரலை ஆட்டுவாராம்.

அந்தக் குடும்பம் பங்களாவை விட்டுப் போகும்போது, விளிம்பு உடைந்த நீலச் சாடி ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பா அன்றே அதில் ரோசாவைச் செருகி வீட்டில் வைத்தார். அம்மா பூவை எடுத்து வெளியே போட்டுவிட்டு, சாடியில் அகப்பைகளை நட்டு வைத்தாள்.

"பூவுன்னா சாமிக்கு, இல்லாட்டி தலைக்கு. சாடியில சொருகி நடு வீட்டுல வைக்கிறது பொணத்துக்குத்தான்" என்றாள்.

"அப்ப தொரை வீட்டுல தெனமும் ஒரு பொணமா?" என்று அப்பா கேட்டார்.

"அது அவங்க வீடு. இது எங்க வீடு."

அம்மா இருந்தவரை அந்தச் சாடியில் அகப்பைதான். அம்மா இறந்த அன்று அதைக் கழுவி, தலைமாட்டில் பூ வைத்தோம். அதன்பிறகு நான் அதைத் திரும்பவும் அகப்பைச் சாடியாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அங்கிருந்து தொடங்கியது. அக்கம்பக்கத்தில் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு "கிளாக்கருக்கு அது ஒரு பைத்தியம்" என்று விட்டுவிட்டார்கள். எங்கள் லயத்துக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு அது பழகியிருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

பாட்டை நிறுத்திய ஆட்டோ

ஏழு மணிக்குச் சாடிகளை அடுக்கினேன். நீலச் சாடியில் லில்லி. அதற்குச் சோடியாக ஒரு பித்தளைச் செம்பில் லில்லி. இரண்டையும் சின்ன மேசையில், வாசலுக்கு நேராக, இரு பக்கமும் சம இடைவெளியில் வைத்தேன். நடுவில் ஊதுபத்தி, சுண்ணாம்பு வாடை போக. ஜாம் போத்தல்களில் செவ்வந்தி. அவை வெளியே, படங்குக் கம்பங்களின் அடியில். வேட்டியை நடுவில் பிரித்து இரு பக்கமும் கட்டிவிட்டதால், கீழ் வளைவிலிருந்து பார்த்தாலும் பூ தெரிந்தது. எனக்குத் திருப்தி.

ஏழரைக்கு ரொட்டி விற்கும் பாண் ஆட்டோ வந்தது. தினமும் ஒலிபெருக்கியில் ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு லயம் முழுதும் சுற்றும். அன்று அதை ஓட்டி வந்தவர் புதியவர். எங்கள் வாசல் வந்ததும் பாட்டு நின்றது. வீட்டைத் தாண்டியதும் மறுபடி தொடங்கியது. "பாண் ஆட்டோ பாட்டை நிறுத்திவிட்டுப் போனது, காரணம் தெரியவில்லை" என்று டயரியில் எழுதினேன். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

பக்கத்து வீட்டார் எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். எங்கள் போன்கள் உள்ளே. பரவாயில்லை, நேரம்தான் பேசியாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

பத்துக்குள் தர்ஷினி பச்சைச் சேலையில் தயார். என் அக்கா பாக்கியம் வெள்ளிக்கிழமையே வந்து, எதையாவது திருத்திக்கொண்டே இருந்தாள். கேசரி, வடை, வாழைப்பழம். பத்தேகாலுக்கு வெள்ளை வேன் ஒன்று கீழ் வளைவில் வந்து நின்றது. நான் எழுந்து சட்டைக் கையைச் சரிசெய்தேன்.

வேனிலிருந்து ஒருவர் இறங்கி, தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் எங்கள் வீட்டைக் கைகாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். மறுபடி வேனில் ஏறினார். வேன் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

தர்ஷினியும் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது, திரும்பியபோதுதான் தெரிந்தது.

"வேற வேனா இருக்கும்" என்றேன்.

"இந்த ரோட்டுக்கு வேற எந்த வேன் வருது?" என்றாள் அக்கா. "லயத்தப் பாத்தாங்க, திரும்பிட்டாங்க. நீ சுவத்த இடிச்சி என்ன, கட்டி என்ன தம்பி?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சரோஜா.

பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வடையைத் தொடவில்லை. தர்ஷினி எழுந்தாள். தலையில் இருந்த பூச்சரத்தைக் கழற்றி நீலச் சாடியின் உடைந்த விளிம்பில் தொங்கவிட்டாள். உள்ளே போய்ப் பழைய சட்டையும் பாவாடையும் மாற்றிக்கொண்டு, வாளியும் துணியுமாகப் புதுத் தரையில் இருந்த சுண்ணாம்புக் கறையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"விடும்மா, பாஸ் வந்து பாத்துக்குவாரு" என்றேன்.

"நாளைக்கி எனக்கு ஸ்கூல் இருக்கு. இன்னைக்கித்தான் நேரம்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வளையம்

மூன்று மணிக்கு அதே வேன் வந்தது. இம்முறை வாசல் வரை.

மூன்று பேர் இறங்கினார்கள். ஆண்கள் இருவரும் வெள்ளைச் சட்டை, கூட வந்த அம்மா வெள்ளைச் சேலை. யாரும் வணக்கம் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன்னால் வந்தவர் விமலனின் அப்பா. தேயிலை மலை வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இரு கைகளிலும் ஒரு மலர்வளையம். சிவப்பு அந்தூரியம், மஞ்சள் செவ்வந்தி, சுற்றிலும் பன்ன இலைகள்.

"வாங்க" என்றேன்.

சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வளையம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப... அம்மாவா?"

சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் அக்காவைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அக்கா.

விமலன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் தொங்கிய வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. துணி அசைந்தது. தர்ஷினி வாளியோடு வெளியே வந்தாள், கன்னத்தில் சுண்ணாம்பு.

விமலன் வெள்ளைக் காற்சட்டையோடு அப்படியே பின்னால் இருந்த சீமெந்துப் பையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சேர், அது சீமெந்து. வெள்ளை லோங்ஸ்" என்றாள் தர்ஷினி.

"பரவால்ல" என்றார். "போன் அடிச்சிக்கிட்டே இருந்தேன். யாரும் எடுக்கல. நான்... நீங்கதானோன்னு..."

தர்ஷினி வாளியைக் கீழே வைத்தாள்.

கண்டாக்கு ஐயாதான் விளக்கினார். "கீழ ஒரு அம்மாகிட்ட கிளாக்கர் வீடு எதுன்னு கேட்டேங்க. அந்தா வெள்ளத் துணி கட்டியிருக்கே, அதான்னாங்க. பாத்தா படங்கு, நாக்காலி, வாசலுக்கு நேரா பூ, ஊதுபத்தி. தாம்பாளத்தோட அப்புடி ஒரு வீட்டுக்குள்ள எப்புடிங்க வர்றது? திரும்பிப் போயி உடுப்ப மாத்திக்கிட்டு, டவுனுல இத வாங்கிக்கிட்டு..."

நான் அவர் நின்ற இடத்துக்குப் போய் நின்று என் வீட்டைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிய படங்கள். மூடிய கண்ணாடி. காலியான அறை. இரு பக்கமும் சம இடைவெளியில் வெள்ளை லில்லி. சாவு வீட்டுக்கு எதுவும் குறையவில்லை, என்னைத் தவிர.

அக்காவுக்கு இப்போதுதான் குரல் வந்தது. "ஐயோ, ஆளுங்க உசுரோட இருக்கிற வீட்டுக்கு வளையமா! நல்ல காரியம் பேசுற நாளு! தம்பி, அத உள்ள விட்டுறாத!"

கண்டாக்கு ஐயா வளையத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், திரும்ப எடுத்துப் போகவும் முடியாமல் தூக்கியபடியே நின்றார். சாவு வீட்டுக்கு வாங்கியதைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. சாவு இல்லாத வீட்டில் வைக்கவும் கூடாது. இதற்கு ஒரு முறை இருப்பதாக எனக்கும் தெரியவில்லை. பேச்சு இங்கேயே முறிந்துவிடும் என்று நினைத்தேன்.

விமலனின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, காலையில இருந்து யாரு செத்தது, யாரு செத்ததுன்னு பதறிப் போயி கெடந்தோம். வந்து பாத்தா அத்தன பேரும் இருக்கீங்க. இதவிட நல்ல சகுனம் வேற என்ன வேணும்?"

தர்ஷினி வந்து கண்டாக்கு ஐயாவின் கையிலிருந்து வளையத்தை வாங்கினாள். படியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, கம்பியை முறுக்கி ஒவ்வொரு பூவாக உருவத் தொடங்கினாள்.

"அம்மா, அந்தச் சாடியெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க."

சரோஜா நீலச் சாடியைக் கொண்டுவந்தாள். விமலன் எழுந்து போய் வளையத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவும் கீழே உட்கார்ந்து பன்னத்தைப் பிரித்தார். தர்ஷினி லில்லிக்கு நடுவில் சிவப்பு அந்தூரியத்தைச் செருகினாள். அதன் பக்கத்தில் மஞ்சள் செவ்வந்தி. வேலிக்குப் போய்ச் சாமந்தியும் பறித்து வந்தாள்.

"ஒரு சாடிக்கு ஒரு நிறம்தான்..." என்று தொடங்கினேன்.

"அப்பா, இன்னைக்கி உங்க ஒழுங்குதான் உங்களக் கொன்னுச்சு. கொஞ்சம் சும்மா இருங்க."

கண்டாக்கு ஐயா முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அக்கா கடைசியில், வடைத் தட்டை எடுக்கப் போகிற சாக்கில்.

கூரையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மூன்று முறை சொன்ன சொல்

சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. ஐந்து மணியளவில் புறப்படும்போது விமலனின் அம்மா படங்கின் கீழ் நின்று, "போயிட்டு வர்றோங்க" என்றார். வேனுக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை. வேன் ஜன்னல் வழியாக மறுபடியும், லயம் முழுதும் கேட்கிற மாதிரி.

வளையத்தின் மூங்கில் சட்டத்தை எரித்துவிடச் சொன்னாள் அக்கா. சரி என்றேன். மணலை அகற்றியபின் தலைதூக்கிய டேலியாவுக்கு அதுதான் இப்போது தாங்கல். அக்கா இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தர்ஷினியிடம் கேட்டேன்.

"என்னம்மா சொல்லட்டும்?"

அவள் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சம். "சேலை கட்டாமலே பாத்துட்டாங்கல்ல?" என்றாள். அடுத்த கொப்பியைத் திறந்தாள். "சரின்னு சொல்லுங்க."

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கேத்தலை வைப்பதற்கு முன்பே வாசலுக்குப் போய் வெள்ளை வேட்டியை அவிழ்த்து மடித்தேன். பிறகு கண்ணாடியைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாக நேரே திருப்பினேன். ஏழரைக்கு வளைவில் பாட்டுக் கேட்டது. வாசலில் வந்து நின்றேன். ஆட்டோ எங்கள் வீட்டுக்கு நேரே வந்தது, பாட்டு நிற்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தி, ஒரு றாத்தல் பாண் வாங்கினேன்.